மேல வெள்ளருவி – கடிதம்

வணக்கம் சார்,

நான் பள்ளி ஆசிரியை. ஜப்பானில், வடக்குத் தீவான ஹொக்கைடோவின் கமி-ஷிரதாகி ரயில் நிலையத்தை ஒரே ஒரு மாணவிக்காக, அவள் படிப்பு முடியும்வரை மூடாமல் வைத்திருந்தார்கள் என்று காலைக் கூட்டத்தில் சொன்னேன். பிள்ளைகள் கண்கலங்கிவிட்டார்கள். நம் நாட்டில் இந்தக் கருணை எப்போது வரும்?

மீனா

அன்புள்ள மீனா,

பிள்ளைகள் கலங்கியது நல்லதுதான். ஆனால் நீங்கள் டீச்சர். வாட்ஸப்பில் வந்ததை அரைமணி நேரம் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். அந்த மாணவி ஏறிய நிலையம் கமி-ஷிரதாகி இல்லை, கியூ-ஷிரதாகி. ஷிரதாகி என்றால் வெள்ளருவி. கமி மேல, கியூ பழைய, ஷிமோ கீழ. மேல வெள்ளருவியின் ரயில் நேரத்தோடு பழைய வெள்ளருவிப் பெண்ணை யாரோ ஒட்டிவிட்டார்கள். அந்த ரயிலில் வேறு மாணவர்களும் போனார்கள். அங்கே பள்ளி ஆண்டு முடிவதும் மார்ச்சில், ரயில் அட்டவணை மாறுவதும் மார்ச்சில். அவள் படிப்பு முடிந்ததும் நிலையம் மூடியதும் ஒன்றாக வந்தது அதனால்தான். அவ்வளவுதான் விஷயம்.

சரி, அதை விடுங்கள். எனக்கு ஆகாதது அந்தக் 'கருணை'. ஐகிடோ என்ற தற்காப்புக் கலையை உருவாக்கிய உயெஷிபா மொரிஹெய் 1912-ல் குடும்பங்களைக் கூட்டிவந்து காடு திருத்திய ஊர் ஷிரதாகி. 1932-ல் மலையைக் குடைந்து செகிஹோகு ரயில் பாதையை முடித்தபோது திறந்தது கமி-ஷிரதாகி. ஜனம் குறைந்தது, நிலையத்தில் ஊழியர் இல்லாமல் போனார்கள், ரயில்களும் போயின. 2016 மார்ச் 26-ல் மேல, பழைய, கீழ மூன்றையும் சேர்த்து மூடினார்கள். அதே நாளில், இவற்றை மூடிய அதே ஜே.ஆர். ஹொக்கைடோ ரயில் நிறுவனம்தான் ஹொக்கைடோவின் முதல் புல்லட் ரயிலை விட்டது. இதைச் சொன்னீர்களா பிள்ளைகளிடம்? அதே நாள், மீனா! ஒருத்திக்காகத் திறந்து வைத்தார்களாம் என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தால், மூன்றையும் ஏன் மூடினாய் என்று எவன் கேட்பான்? பள்ளிக்கூடம் போக ரயில் கேட்பது பிச்சையா, கருணை காட்டுவதற்கு?

மூடுவதற்கு முந்தைய மாதம் கமி-ஷிரதாகிக்குப் போயிருந்தேன். ஷிரதாகியிலிருந்து 3.3 கிலோமீட்டர், பனியில் நடை. மரக் கட்டடம், உள்ளே பெஞ்சு, சுவரில் அட்டவணை. அட்டவணை என்றால் என்ன, கிழக்கே காலை 7:04, மேற்கே மாலை 5:08. மீதி எல்லாம் வெள்ளை. காலை ரயிலில் வந்து இறங்கினால் திரும்ப ஏறப் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். இதில் எங்கே சந்தைக்குப் போவது, ஆஸ்பத்திரிக்குப் போவது? ஆள் இல்லை என்று ரயிலைக் குறைக்கிறார்கள், ரயில் இல்லை என்று இருக்கிற ஆளும் கார் வாங்குகிறார், அப்புறம் பார், ஆளே ஏறவில்லை என்று கணக்குக் காட்டுகிறார்கள்.

ஒற்றைப் பெட்டி டீசல் ரயில் சரியாக 5:08-க்கு வந்தது. ஏறியது நான் மட்டும். கதவோரம் இருந்த சின்ன இயந்திரம் எண் போட்ட ஒரு துண்டுச் சீட்டை நீட்டியது. எங்கே ஏறினோம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அடுத்த நிறுத்தம் கமிகாவா, 34 கிலோமீட்டர் தள்ளி. வழியெல்லாம் இருட்டு.

அந்தச் சீட்டு கையில் இருந்தால் உங்கள் பிள்ளைகளுக்குப் படம் எடுத்து அனுப்பியிருப்பேன். இறங்கும்போது காசோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும்.