கேள்வி–பதில்: டாங்கிக்குக் கை காட்டியவன்

கேள்வி: வளைகுடாப் போர் எங்கள் பாடப்புத்தகத்தில் இரண்டே வரி. அப்போது குவைத்தில் இருந்ததாகப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். போர் வந்த ஒரு சின்ன நாட்டில் சாதாரண ஆட்களுக்கு ஒரு வருடம் எப்படிப் போகும்?
– கல்லூரி மாணவி, குலசேகரம்

பதில்: மக்களே, எனக்கு அது ஒரு வியாழக்கிழமை காலையில் ஆரம்பித்தது. 1990 ஆகஸ்ட் 2. சால்மியாவில் ஒரு கூட்டுறவுக் கடையின் குடோனில் எனக்கு வேலை. மாதம் 85 தினார். அன்றைய கணக்கில் ஐயாயிரம் ரூபாய்க்குப் பக்கம். அந்தக் கடையை ‘ஜமியா’ என்பார்கள். ஏரியாவுக்கு ஒன்று உண்டு. நம்மூர் ரேஷன் கடையும் சூப்பர் மார்க்கெட்டும் சேர்ந்த மாதிரி. காலையில் கடை திறக்கப் போகிறேன், ரோட்டு முக்கில் ஒரு டாங்கி நிற்கிறது. குவைத்துக்காரன் ஒத்திகை பார்க்கிறான் என்று நினைத்துக் கையைக்கூடக் காட்டினேன். மேலே இருந்த பையன் பதிலுக்குக் கை காட்டினான். அவன் இராக்காரன் என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. மதியத்துக்குள் குவைத்தை ஆண்ட அமீர் சவூதிக்குப் போய்விட்டார் என்ற செய்தியும் வந்துவிட்டது.

குண்டுச் சத்தத்தை எல்லாரும் கேட்பார்கள். நான் குடோன்காரன், எனக்கு ஞாபகம் இருப்பது சாமான்தான். எங்கள் கடையில் முதலில் தீர்ந்தது அரிசியல்ல, குழந்தைகளுக்கான பால்மாவு. அதற்கப்புறம் மெழுகுவர்த்தி, பேட்டரி. ரொட்டிக்கு விடியுமுன்பே வரிசை நின்றது. பிறகு காசுக்கு வந்தது கேடு. இராக் தினாரும் குவைத் தினாரும் ஒன்றுக்கு ஒன்று என்று உத்தரவு போட்டார்கள். அதற்கு முன்பு சந்தையில் இராக் தினாரைச் சீந்த ஆளில்லை. இப்போது சிப்பாய்கள் அதைக் கத்தை கத்தையாகக் கொண்டுவந்து டி.வி.யும் மின்விசிறியும் வாங்கிப் போனார்கள். கொஞ்ச நாள் கழித்துக் குவைத் தினாரே செல்லாது என்றார்கள். ஆகஸ்ட் 28-ஆம் தேதி குவைத் இராக்கின் 19-ஆவது மாகாணம் என்று அறிவிப்பு வந்தது. வண்டி நம்பர் பிளேட்டையும் மாற்றச் சொன்னார்கள். மாற்றாதவனுக்குப் பெட்ரோல் இல்லை. பலர் வண்டியை வீட்டில் பூட்டிவிட்டு நடந்தார்கள்.

அந்த ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. தெருப்பெயர்ப் பலகைகளையும் வீட்டு நம்பர்களையும் பிடுங்கி எறிந்தார்கள். பட்டியலோடு ஆள் தேடி வரும் சிப்பாய்க்கு எந்த வீடு எது என்று தெரியக்கூடாதாம். சிப்பாய்க்கு மட்டுமா? நான்கு வருடம் நடந்த தெருவில் நானும் வழி தெரியாமல் நின்றேன்.

அங்கே இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள். ரொட்டி சுடுவது, குப்பை அள்ளுவது, மூட்டை தூக்குவது எல்லாம் நாங்கள். நாங்கள் கிளம்பக் கிளம்ப அந்த இடங்களில் குவைத்துக்காரர்களே வந்து நின்றார்கள். படித்த பையன்கள் குப்பை வண்டி ஓட்டினார்கள். எங்கள் ஜமியா நிர்வாகக் குழுவில் ஒரு பெரிய மனிதர் இருந்தார். அதுவரை அவர் குடோன் வாசலில் எட்டிப் பார்த்ததில்லை. அவர் மாவு மூட்டையைத் தோளில் வைக்கத் தெரியாமல் வயிற்றோடு கட்டிப்பிடித்துத் தூக்கினார். நான்தான் சொல்லிக் கொடுத்தேன்: குனியாதீர்கள், முட்டியை மடக்குங்கள் என்று.

செப்டம்பர் நடுவில் நான் கிளம்பினேன். பஸ்ராவுக்கும் பாக்தாத்துக்கும் பஸ். சோதனைச் சாவடியில் “ஹிந்தி?” என்பான், இந்தியனா என்று அர்த்தம். தலையாட்டினால் “ரூஹ்”, போ என்று விட்டுவிடுவான். ஜோர்டான் எல்லையில் ஒன்பது நாள் கூடாரம். பகலில் அனல், ராத்திரியில் குளிர், தண்ணீர் லாரி வந்தால் அடிதடி. பிறகு அம்மானிலிருந்து ஏர் இந்தியா. ஆகஸ்ட் 13 முதல் அக்டோபர் 11 வரை 488 விமானங்களில் 1,11,000 பேருக்கு மேல் கொண்டுவந்தார்கள். அதில் நானும் ஒரு ஆள். பம்பாயிலிருந்து ரயில். குழித்துறையில் இறங்கியபோது கையில் ஒரு தோல்பை, ஒரு ரேடியோ.

அம்மானுக்கு முன்கூட்டியே போன ஒரு ஆளிடம் கொடுத்தனுப்பிய கடிதம் எனக்கு நான்கு நாள் பிந்தி வீட்டுக்கு வந்தது. வாசலில் வந்து நிற்கும்வரை வீட்டில் நான் உயிரோடு இருக்கிறேனா என்றே தெரியாது. நான் வந்த அன்றைக்கு மயினி மரச்சீனி அவித்து மீன் கறி வைத்தாள். யாரும் ஒன்றும் பேசவில்லை, தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

மீதி வருடத்தை மார்த்தாண்டம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டு, ராத்திரி பி.பி.சி. தமிழோசையில் கேட்டேன். 1991 ஜனவரி 17-இல் இராக்கை விரட்ட அமெரிக்கக் கூட்டுப்படையின் விமானத் தாக்குதல் தொடங்கியது, பிப்ரவரி 26-இல் குவைத் விடுதலை. போகிற போக்கில் இராக் ராணுவம் 600-க்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தது. பகலிலேயே வண்டிக்கு லைட் போட வேண்டியிருந்ததாம். அங்கேயே தங்கிவிட்ட என் அறைக்காரர் பிறகு சொன்னார்.

செப்டம்பரில் திரும்பிப் போனேன். தெற்கே இன்னும் புகை தெரிந்தது. கடைசிக் கிணற்றை நவம்பர் 6-இல்தான் அடைத்தார்கள். எங்கள் கணக்குப்பிள்ளை ஒரு பாலஸ்தீனர், அவருடைய மேஜை காலி. போருக்கு முன்பு அங்கே நான்கு லட்சம் பாலஸ்தீனர்கள் இருந்தார்கள். அவர்கள் தலைவர் அராபத், இராக் அதிபர் சதாம் பக்கம் சாய்ந்தார் என்ற கோபம், கிட்டத்தட்ட எல்லாரும் போக வேண்டியதாயிற்று. இந்தக் கணக்குப்பிள்ளைக்கும் சதாமுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. மூட்டை தூக்கிய பெரியவர் ஏ.சி. அறையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து முட்டியை மடக்கிக் காட்டிவிட்டுச் சிரித்தார். அப்புறம், வெளியே லாரி நிற்கிறது, சரக்கை இறக்கு என்றார்.

கேள்வி: குவைத் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடப் பெரியதா?
– ஒரு வாசகர், குளச்சல்

பதில்: பத்து மடங்கு பெரிது. ஆனால் ஒரு ஆறு கிடையாது. நம் தாமிரபரணியில் ஒரு வள்ளம் தண்ணீர் பார்த்தால் அவர்களுக்கு அதிசயம்.

கேள்வி: மறைந்த என் அப்பாவும் 1990-இல் குவைத்திலிருந்து வெறுங்கையோடு வந்தவர். இழப்பீடு என்று ஏதோ வந்ததாமே?
– வாசகி, கருங்கல்

பதில்: வந்தது. ஐ.நா. ஜெனீவாவில் ஒரு ஆணையம் வைத்து, இராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கைப் பிடித்துக் கொடுத்தது. ஊரை விட்டு ஓடி வந்ததற்கு மட்டும் தனி ஆளுக்கு அதிகபட்சம் 4,000 டாலர், குடும்பத்துக்கு 8,000. விண்ணப்பம் நம் அரசாங்கம் வழியாகத்தான் போனது. மொத்தம் 5,240 கோடி டாலரை இராக் கட்டி முடித்தது 2022-இல்தான். அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டும் பாங்கு பாஸ்புக்கும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 90-களின் கடைசியில் ஒரு பெரிய வரவு இருந்தால் அது இதுவாக இருக்கலாம். என் பங்கில் கிணறு வெட்டினேன்.

கேள்வி: அந்த ரேடியோ இன்னும் இருக்கிறதா?
– அதே வாசகர், குளச்சல்

பதில்: இருக்கிறது. பேரன் கழற்றிப் போட்டுவிட்டான்.