சங்கிலியை அடகு வைக்காதீங்க, அக்கா

போன ஞாயிறு தாராவியிலிருந்து ஒரு அக்கா, மகளையும் தன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு, மகளின் மேற்படிப்பு பற்றி என்னிடம் யோசனை கேட்க வந்தார். இட்லி வியாபாரம். மகள் பன்னிரண்டாவது காமர்ஸ் முடித்திருக்கிறாள். தனியார் பல்கலைக்கழகத்தில் 'சைபர் செக்யூரிட்டி' என்று பெயர் போட்ட பி.சி.ஏ., மூன்று வருடத்துக்கு 9 லட்சம். சங்கிலியை அடகு வைப்பது, மீதிக்குக் கடன் என்று மாமா கணக்கே போட்டுவிட்டார். ஆறுதலாகத்தான் பேச ஆரம்பித்தேன். தொகையைக் கேட்டதும் நிறுத்திவிட்டேன். அன்று சொன்னதை எழுதியும் தருகிறேன்.

அக்கா, அந்தக் கோர்ஸ் வேண்டாம். பெயருக்குத்தான் அவ்வளவு காசு. உங்கள் மகள் அன்று ஒரு விஷயம் சொன்னாளே, கவனித்தீர்களா? வேலையை விட்டுப் போன பையனின் போனில் கடைக் கணக்கு இன்னும் திறந்தே இருந்ததாம். இவள்தான் கண்டுபிடித்து மூடினாளாம். கம்பெனிகளில் இதைப் பார்ப்பதே ஒரு உத்தியோகம். ஐடி ஆடிட் என்பார்கள்.

போனவர்களின் லாகின் மூடப்பட்டதா, யார் யாருக்கு எதைப் பார்க்க அனுமதி, கம்ப்யூட்டரில் யார் எப்போது என்ன செய்தார்கள் என்ற லாக் பதிவுகள் 180 நாள் இருக்கின்றனவா, ஏதாவது நடந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற அரசு சைபர் பாதுகாப்பு அமைப்புக்குச் சொல்ல ஏற்பாடு உண்டா என்று கேட்டு, ஆதாரம் வாங்கி, அறிக்கை எழுத வேண்டும். கடைசி இரண்டும் 2022-இல் வந்த அரசு உத்தரவு. தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 என்ற சர்வதேசத் தரநிலையின் 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள். அதில் தொழில்நுட்பம் 34தான். மற்ற 59-உம் நிர்வாகம், ஆட்கள், கட்டடம் பற்றியவை. கணக்குப் புத்தகம் பார்க்கத் தெரிந்த பெண்ணுக்கு இது அந்நியமே இல்லை.

வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2016-லேயே சைபர் பாதுகாப்பு விதிகள் போட்டுவிட்டது. அந்த வங்கிகளில் பல மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம், பிகேசி என்கிற பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில்தான் இருக்கின்றன. அங்கே விதி எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்கு, ஒரே கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், நாலு பேர் ஒரு போனை வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு ஓடிபியைப் பிள்ளை படித்துச் சொல்லும் வாழ்க்கை தெரியும்? தெரியாதவர்கள் போடும் பாதுகாப்பு உங்களை மாதிரி ஆட்களிடம்தான் முதலில் ஓட்டையாகும். அதனால்தான் இவள் அங்கே போய் உட்கார வேண்டும் என்கிறேன். சலுகையாக இல்லை, வேலைக்கே அது தேவை.

பக்கத்திலிருக்கும் அரசு உதவிபெறும் கல்லூரியில் பி.காம். சேருங்கள், வருடத்துக்குச் சில ஆயிரம்தான். நெட்வொர்க் அடிப்படையை என்பிடெல் என்ற ஐஐடிகளின் ஆன்லைன் வகுப்பில் இலவசமாகப் படிக்கலாம், தேர்வுக்கு மட்டும் பணம். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள், அறிக்கை எழுத ஆங்கிலம் வேண்டும். செலவழிப்பதானால் அதற்குச் செலவழியுங்கள். ஐடி ஆடிட்டர்களுக்கான சிசா (CISA) சான்றிதழுக்கு இப்போதே யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், அது கைக்கு வர வேலை அனுபவமும் வேண்டும். ஆரம்பச் சம்பளம் மாமா சொல்கிற அளவுக்கு இருக்காது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், ராத்திரி ஷிப்ட் என்று மாமா பயந்தாரே. ஆடிட் பெரும்பாலும் பகல் வேலை. நாளைக்கு அவளே இரவு வேலை கேட்டாலும் தடுக்காதீர்கள். மகாராஷ்டிரச் சட்டப்படி இரவு 9.30-க்கு மேல் வேலை என்றால் அவள் சம்மதம் வேண்டும், வீட்டு வாசல் வரை வண்டியும் கொடுக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு அவளை மட்டும் அனுப்புங்கள். உங்கள் இட்லிக் கடையின் போன், கியூஆர், கணக்கு எல்லாவற்றிலும் எங்கெங்கே ஓட்டை என்று இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.