நைட் விஷன் வாங்கும் முன் உள்ளங்கையைச் சுவரில் வையுங்கள்

கேள்வி: கும்பகோணத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். பாதி சவாரி இரவில் வேளாங்கண்ணிக்குத்தான். அறுவடை நேரத்தில் சாலையில் நெல் குவியல், படுத்திருக்கும் மாடு, பின்விளக்கே இல்லாத டிராக்டர் டிப்பர் என்று ஒவ்வொரு நாளும் பயத்தோடுதான் ஓட்டுகிறேன். 'இன்ஃப்ராரெட் நைட் விஷன்' என்று 4,000 ரூபாய்க்கு ஆன்லைனில் ஒரு டேஷ்கேம் (காருக்குள் முன்கண்ணாடி அருகே மாட்டி வீடியோ பதிவு செய்யும் கேமரா) வருகிறது. வாங்கலாமா?

பதில்: பதிவு செய்து வைக்க வேண்டுமென்றால் வாங்குங்கள், மாட்டை முன்கூட்டியே பார்ப்பதற்கு என்றால் வேண்டாம்.

நைட் விஷன் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சாமான்களை விற்கிறார்கள். ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை எல்இடி வழியாக அடித்து, அது பட்டுத் திரும்புவதைப் படமெடுப்பது. வாசலில் மாட்டும் சிசிடிவி இரவில் கறுப்பு வெள்ளையாகக் காட்டுவது இப்படித்தான். மலிவு டேஷ்கேமில் இருக்கும் எல்இடி பெரும்பாலும் காருக்குள் உட்கார்ந்திருப்பவர்களைக் காட்டத்தான் உதவும். அதை வெளியே திருப்பினால் முன்கண்ணாடியிலேயே பட்டுத் திரும்பி, படம் வெளுத்துப்போகும்.

இன்னொன்று தெர்மல் கேமரா. இது எந்த ஒளியையும் அடிக்காது. உடம்பும் இன்ஜினும் தாமாகவே வெளிவிடும் வெப்பக் கதிரை, அதாவது 8 முதல் 14 மைக்ரான் வரையிலான அலைகளை, வாங்கிப் படமாக்கும். 2000 மாடல் காடிலாக் டிவில் காரில்தான் இது முதலில் வந்தது. 2005 இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் இந்தத் தெர்மல் வகையை எடுத்துக்கொண்டது, அதே காலத்து மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் ஒளி அடிக்கும் வகையை எடுத்துக்கொண்டது. தெர்மல் கேமராவின் லென்ஸ் பெரும்பாலும் ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்வது. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை விடாது என்பதால் கேமராவை முன்கண்ணாடிக்கு வெளியே, முன்பக்கக் கிரில் போன்ற இடத்தில்தான் பொருத்த முடியும். "டேஷ்போர்டில் ஒட்டினால் போதும், தெர்மல்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

கடையில் சோதிப்பதும் எளிது. உள்ளங்கையைச் சுவரில் பத்து நொடி அழுத்திவிட்டு எடுங்கள். தெர்மல் என்றால் கை எடுத்த பிறகும் கைத்தடம் திரையில் தெரியும். அப்புறம் கேமராவுக்கு முன்னால் ஒரு கண்ணாடித் துண்டைப் பிடியுங்கள், பின்னால் நிற்கும் ஆள் மறைந்துபோக வேண்டும். இரண்டில் எதுவும் நடக்கவில்லை என்றால் பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் அது எல்இடி கேமராதான்.

இனி நம் ஊர் விஷயம். விளம்பரப் படங்களில் குளிர் நாட்டுச் சாலையில் மனிதர் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிவார். சித்திரை, வைகாசியில் நம் தார்ச்சாலை பகலெல்லாம் காய்ந்து, இரவு வெகுநேரம் வரை வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கும். மாட்டின் தோலுக்கும் சாலைக்கும் வெப்ப வித்தியாசம் குறைந்தால் படத்தில் மாடு மங்கிவிடும். மார்கழி, தையில் நன்றாகத் தெரியும், ஆனால் அடர்ந்த பனிமூட்டம் வந்தால் தெர்மலுக்கும் தூரம் குறையும். இதைவிட முக்கியம், நீங்கள் பயப்படும் நெல் குவியலும் சாயங்காலமே நிறுத்திப்போட்ட டிப்பரும் ஆறிப்போன பொருள்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிராக்டரின் சைலன்சரும் டயரும் தெரியும், ஆனால் தார்ப்பாய் போர்த்திய நெல்லைத் தனியாகப் பிரித்துக் காட்டும் என்று நம்பிப் போகக் கூடாது.

80 கி.மீ. வேகத்தில் போகும்போது கண் பார்த்து, கால் பிரேக்கை மிதித்து, வண்டி நிற்பதற்கு ஏறக்குறைய 70 மீட்டர் ஆகும். 60 என்றால் 45 மீட்டர் போதும். லோ பீமில் அவ்வளவு தூரம்தான் தெளிவாகத் தெரியும். அதனால் அந்த 4,000 ரூபாயில் முதலில் மஞ்சள் பூத்த ஹெட்லைட்டைப் பாலிஷ் போட்டு, பீம் உயரத்தைச் சரிபார்த்து, வைப்பரை மாற்றுங்கள். டிராக்டர் வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் டிப்பரின் பின்னால் ஏஐஎஸ் 090 என்ற வாகனத் தர முத்திரையுள்ள சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப்பை ஒட்டச் சொல்லுங்கள். ஒரு டிப்பருக்கு ஒட்டினால் அந்த வழியில் வரும் அத்தனை பேருக்கும் அது தெரியும், உங்கள் காரில் மாட்டும் கேமரா உங்களுக்கு மட்டும்தான்.

கேள்வி: நாகப்பட்டினத்தில் பைபர் படகு வைத்திருக்கிறோம். மச்சான்கள் நாலு பேர் சேர்ந்து கையில் பிடிக்கும் தெர்மல் ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறோம். கடலுக்கு உதவுமா?

பதில்: காரைவிடக் கடலுக்குத்தான் இது அதிகம் உதவும். கடல் நீர் பெரும்பாலும் ஒரே சூட்டில் பரந்து கிடப்பதால் தவறி விழுந்தவரின் தலை, எதிரே வரும் படகின் இன்ஜின், அதில் நிற்கும் ஆட்கள் எல்லாம் தனியாகத் தெரியும். ஆள் விழுந்த இரவில் இதைவிட நல்ல உதவி இல்லை என்றே சொல்வேன்.

ஆனால் தண்ணீருக்கு அடியில் ஒன்றும் தெரியாது. வலை தெரியாது, நனைந்த மிதவையும் பெரும்பாலும் நீரோடு நீராகக் கலந்துவிடும். அடுத்தவர் வலையில் இன்ஜின் சிக்குவதைத் தவிர்க்க வாங்குகிறீர்கள் என்றால் ஏமாந்துபோவீர்கள். அதோடு, படகு விளக்கின் சிவப்பு, பச்சை நிறமும் இதில் தெரியாது. எதிர்ப் படகு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அந்த நிறத்தை வைத்துத்தானே கணிக்கிறோம், அதனால் திரையையே பார்த்துக்கொண்டு படகு ஓட்டக் கூடாது. திரை வெளிச்சத்தையும் குறைத்து வையுங்கள், கண் மறுபடி முழு இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் வரை ஆகும்.

வாங்கும்போது 384 × 288 புள்ளிகள் கொண்ட சென்சார், நொடிக்கு 25 படம், ஐபி67 நீர்த்தடுப்பு இருக்கிறதா பாருங்கள். நொடிக்கு 9 படம் காட்டுவது விலை குறைவு, ஆனால் ஆடும் படகில் படம் வெட்டி வெட்டி வரும். "1 கி.மீ. வரை" என்று போட்டிருப்பது அங்கே ஏதோ ஒரு புள்ளி தெரியும் தூரம். அது ஆளா படகா என்று சொல்ல ஏறக்குறைய கால்வாசி தூரத்துக்கு வர வேண்டும். டிஜிட்டல் ஜூம் புள்ளியைப் பெரிதாக்கும், தெளிவாக்காது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், லென்ஸில் உப்பு காய்ந்திருக்கும்போது கைலியால் தேய்த்தால் மேற்பூச்சு போய்விடும்.

ஒன்று கேட்கிறேன், படகில் விளக்கு சரியாக இருக்கிறதா? 12 மீட்டருக்குக் குறைவான மோட்டார் படகுக்கு சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு, இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை வேண்டும் என்பது சர்வதேச விதி. அதுவும் நாலு பேருக்கும் லைஃப் ஜாக்கெட்டும் இல்லாமல் தெர்மல் வாங்காதீர்கள்.

கேள்வி: இரவில் ஓட்டுவதற்கென்று மஞ்சள் மூக்குக்கண்ணாடி 300 ரூபாய்க்கு விற்கிறார்களே?

பதில்: வேண்டாம். அது உள்ளே வரும் வெளிச்சத்தைக் குறைக்கத்தான் செய்யும். 2019 இல் ஜாமா ஆஃப்தால்மாலஜி என்ற கண் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், அதைப் போட்டவர்களால் சாலையில் நடப்பவர்களைக் கூடுதலாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. எதிர் வெளிச்சம் கூசினால் கண் மருத்துவரிடம் போங்கள், புரையாகவும் இருக்கலாம்.

கேள்வி: தெர்மல் என்று சொல்லி எல்இடி கேமராவை அனுப்பிவிட்டார்கள். திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள். மேலே சொன்ன உள்ளங்கைச் சோதனையை வீடியோ எடுத்து, பில்லோடு விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயம் இல்லை, பெட்டியை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.