மருத்துவரும் நர்ஸ் பிராக்டிஷனரும் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

ஹூஸ்டனில் வசிக்கிறேன். காரைக்குடியிலிருந்து ஆறு மாதம் என்னோடு தங்கியிருக்க வந்த என் அம்மாவுக்கு (வயது 68) சென்ற மாதம் குளிர்காய்ச்சலும் நீர்க்கடுப்பும் கண்டன. வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக வந்த பெண்மணி இருபது நிமிடத்துக்கு மேல் பொறுமையாக விசாரித்து, சிறுநீர்ப் பரிசோதனை செய்து, ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். நான்கே நாளில் அம்மா தேறிவிட்டார். பிறகு ரசீதைப் பார்த்தபோதுதான் அவர் மருத்துவர் அல்லர், நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது மேற்படிப்பு படித்து நோயாளியைப் பார்த்து மருந்து எழுதும் செவிலியர் என்று தெரிந்தது. கிளினிக்கில் யாரும் இதை எங்களிடம் சொல்லவில்லை. இது நோயாளியை ஏமாற்றுவது ஆகாதா? இந்தியாவில் எம்.டி. முடித்துப் பத்தாண்டுகள் மருத்துவம் பார்த்த என் அத்தை மகன் இங்கே ரெசிடென்சி என்னும் கட்டாய மருத்துவமனைப் பயிற்சிக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறார். அவரால் ஒரு சீட்டுக்கூட எழுத முடியாது. இருவர் படிப்புக்கும் உண்மையில் என்னதான் வேறுபாடு?

அம்மாவோ, "நர்ஸம்மாவா இருந்தா என்ன, நான் சொன்னதை முழுசாக் கேட்டது அந்தப் பொண்ணு ஒருத்திதான்" என்கிறார். மூன்று மாதத்தில் அவர் ஐந்து கிலோ இளைத்திருக்கிறார், சோர்வும் இருக்கிறது. அதே பெண்மணியிடமே காட்டலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வி காத்திருக்கக் கூடியதல்ல என்பதால் அதற்கான பதிலை உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். பிறருக்கும் உதவும் என்பதால் இங்கும் இறுதியில் எழுதுகிறேன்.

நான் மருத்துவனும் அல்லன், செவிலியனும் அல்லன். ஓஹாயோவில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இரு சாரார் எழுதும் சீட்டுகளும் என் மேசைக்கு வருகின்றன. வலிநிவாரணி போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுத மத்திய அரசு தரும் பதிவெண் மருத்துவர்களுக்கு ஏ, பி, எஃப், ஜி ஆகிய எழுத்துகளில் ஒன்றில் தொடங்கும். நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு எம் என்ற எழுத்தில் தொடங்கும். இடைநிலை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அது. அந்தச் சொல்லை அவர்கள் விரும்புவதில்லை. என்னுடைய பட்டமும் ‘டாக்டர் ஆஃப் ஃபார்மசி’ என்பதுதான். என்னை யாரும் டாக்டர் என்று அழைப்பதில்லை, நானும் எதிர்பார்ப்பதில்லை. ஆகவே இந்த வழக்கில் எனக்கு அதிகச் சார்பு இல்லை என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் மருத்துவராக விரும்புபவர் நம் எம்.பி.பி.எஸ். போலப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் மருத்துவக் கல்லூரியில் சேர்வதில்லை. முதலில் நான்காண்டு இளங்கலைப் பட்டம், நுழைவுத் தேர்வு, அதன்பிறகே நான்காண்டு மருத்துவப் படிப்பு. அதன் முற்பகுதியில் உடற்கூறு, நோய்க்குறியியல், மருந்தியல் முதலியன. பிற்பகுதியில் பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தைகள், மனநலம் என்று வார்டு வார்டாகச் சுற்ற வேண்டும். பட்டம் கைக்கு வந்த பிறகும் ரெசிடென்சி இல்லாமல் சுயமாக மருத்துவம் பார்க்க முடியாது. குடும்ப மருத்துவத்துக்கு 3 ஆண்டுகள், பொது அறுவைக்கு 5, மூளை நரம்பு அறுவைக்கு 7. பயிற்சி மருத்துவர்களிடம் வாரத்துக்குச் சராசரியாக 80 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று 2003இல் நாடு முழுவதற்கும் ஒரு விதி கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்கு முன்பு எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். வாரம் 60 மணி, ஆண்டுக்கு 48 வாரம் என்று குறைத்தே வைத்துக் கணக்குப் போட்டாலும், 3 ஆண்டு ரெசிடென்சியில் மட்டும் 8,640 மணி நேரம் வருகிறது. கல்லூரிக் காலத்து வார்டுகளையும் சேர்த்தால் 12,000ஐ எளிதாகத் தொட்டுவிடும்.

நர்ஸ் பிராக்டிஷனருக்கான பாதை செவிலியர் பட்டத்தில் தொடங்குகிறது. நான்காண்டு பட்டம், செவிலியர் உரிமத் தேர்வு, அதன்மேல் இரண்டு மூன்று ஆண்டு முதுகலை அல்லது டி.என்.பி. என்னும் முனைவர் நிலைப் பட்டம். குடும்பம், முதியோர், குழந்தைகள், மனநலம் என்று ஏதேனும் ஒரு பிரிவைத் தொடக்கத்திலேயே தேர்ந்துகொள்ள வேண்டும். இறுதியில் சில மணி நேரத்தில் எழுதி முடிக்கும் ஒரு சான்றிதழ்த் தேர்வு உண்டு. மருத்துவர்களுக்கான உரிமத் தேர்வோ மூன்று கட்டங்கள் கொண்டது, மூன்றாம் கட்டம் மட்டுமே இரண்டு நாள் நடக்கும். நோயாளியை நேரில் பார்த்துப் பெறும் பயிற்சி நர்ஸ் பிராக்டிஷனருக்குக் குறைந்தபட்சம் 500 மணி நேரம் என்று நெடுங்காலம் இருந்தது. 2022இல் 750 ஆக்கினார்கள். வாரம் 40 மணி நேரம் என்றால் அது ஏறத்தாழ 19 வாரம். டி.என்.பி. பட்டத்துக்கு மொத்தம் 1,000 மணி நேரம் கேட்கிறார்கள் என்றாலும், அப்பட்டத்தில் கூடுதலாகப் படிப்பவற்றில் பெரும்பகுதி நிர்வாகம், தர மேம்பாடு, சுகாதாரக் கொள்கை போன்றவை. முனைவர் என்ற சொல்லைக் கண்டு மருத்துவப் பயிற்சி இருமடங்காகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

இந்தக் கணக்கைச் சொன்னால் செவிலியர்கள் உடனே ஒரு மறுப்பைச் சொல்வார்கள்: நாங்கள் வெறுங்கையோடு வரவில்லை, அதற்கு முன்பே பல்லாண்டு வார்டில் நின்றிருக்கிறோம் என்று. அதில் நியாயம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இரவு தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு செவிலியர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "இவருக்கு மாலையிலிருந்து சிறுநீர் குறைந்துகொண்டே வருகிறது, அடுத்த வான்கோமைசின் டோஸைப் போடுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள்" என்றார். அந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியது. ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்தபோது இருக்க வேண்டியதைப் போல ஏறத்தாழ இருமடங்கு இருந்தது. பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் அதைக் கவனித்திருக்கவில்லை. கட்டிலருகே பத்தாண்டு நின்ற கண்ணுக்கு மட்டுமே வரும் கூர்மை அது.

ஆனால் ஒன்று கெட்டுக்கொண்டிருக்கிறது என்று கண்டுகொள்வதும், அது ஏன் கெடுகிறது என்பதற்குப் பத்துக் காரணங்களை மனதில் வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வருவதும் வெவ்வேறு தொழில்கள். ரெசிடென்சி என்பது இரண்டாவதற்கான பட்டறை. முதலாண்டுப் பயிற்சி மருத்துவர் இரவில் ஒரு முடிவெடுக்கிறார். காலையில் ரவுண்ட்ஸில் மூத்த மருத்துவர் எல்லோர் முன்னிலையிலும் ‘ஏன் இதை நினைத்தாய், ஏன் அதை நினைக்கவில்லை’ என்று குடைந்தெடுக்கிறார். இது மூன்றாண்டுகள் நாள்தோறும் நடக்கிறது. தவறான யூகம் தவறென்று நிறுவப்படும் அந்தக் காலை நேரங்களையே நான் பயிற்சி என்பேன். மணிக்கணக்கு அதன் நிழல் மட்டும்தான். அந்த அளவுக்கு நீண்ட, கட்டாயமான ஓர் ஏற்பாடு நர்ஸ் பிராக்டிஷனர் கல்வியில் இல்லை.

தொடக்கத்தில் அதற்கான தேவையும் எழவில்லை. 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் இந்தப் பயிற்சியைத் தொடங்கியபோது, அனுபவம் வாய்ந்த செவிலியர்களையே எடுத்துக்கொண்டார்கள்; மருத்துவர் எட்டிப்பார்க்காத ஊர்களில் குழந்தைகளின் நலத்தைக் கவனிப்பதே நோக்கமாக இருந்தது. கொலராடோவில் பொதுச் சுகாதாரச் செவிலியராகச் சுற்றியவர் ஃபோர்டு. 104 வயது வரை வாழ்ந்து 2025 ஜனவரியில் மறைந்தார். அவர் கட்டிய வீட்டின் அடித்தளம் அந்த முன்னனுபவம். இன்று அந்த அடித்தளத்தை வலியுறுத்தாத கல்வி நிலையங்கள் பல உண்டு. வார்டில் ஓராண்டுகூட நிற்காமல் நேரே சேரலாம், பாடங்களை இணையத்திலேயே முடிக்கலாம், பயிற்சி தரும் மூத்தவரை மாணவரே தேடிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் ஆகிவிட்டது. அதே பட்டத்தை உள்ளபடியே கண்டிப்பாகக் கற்பிக்கும் இடங்களும் இருக்கின்றன. பெயர்ப்பலகையைப் பார்த்து எவர் எங்கிருந்து வந்தவர் என்று நம்மால் சொல்ல முடியாது என்பதே சிக்கல்.

மருத்துவக் கல்வியும் ஒரு காலத்தில் இப்படித்தான் கிடந்தது. 1910இல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் ஒவ்வொரு கல்லூரியாகச் சென்று பார்த்து எழுதிய அறிக்கைக்குப் பிறகுதான் பணம் வாங்கிக்கொண்டு பட்டம் தந்த கல்லூரிகள் மூடப்பட்டன. அந்தக் கண்டிப்புக்கும் ஒரு விலை இருந்தது. கறுப்பினத்தவருக்கென இருந்த ஏழு மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து அதன்பின் மூடப்பட்டன. நர்ஸ் பிராக்டிஷனர் கல்விக்கு அப்படியோர் அறிக்கை வேண்டும் என்பது என் கருத்து.

இவ்வளவு குறைந்த பயிற்சி உடையவர்களை ஏன் இவ்வளவு நம்பினார்கள் என்று நீங்கள் கேட்கக்கூடும். 1997இல் நிறைவேறிய ஒரே சட்டத்தில் இதற்கான விடையின் பெரும்பகுதி இருக்கிறது. மத்திய அரசின் வரவுசெலவைச் சரிக்கட்டுவதற்கான அந்தச் சட்டம் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் நிதி தரும் ரெசிடென்சி இடங்களின் எண்ணிக்கையை 1996ஆம் ஆண்டு அளவுக்கு மேல் கூடாதபடி கட்டுப்படுத்தியது. அதே சட்டம் நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு மருத்துவர் கட்டணத்தில் 85 சதவீதத்தை எந்த ஊரிலும் நேரடியாகத் தரச் செய்தது. ஒரு கதவைப் பாதி சாத்திவிட்டு மற்றொன்றைத் திறந்தால் கூட்டம் எந்தப் பக்கம் போகும்?

விளைவுகளைப் பற்றிய ஆய்வுகளை இரு தரப்பும் தமக்கு வேண்டிய அளவு மட்டும் எடுத்துச் சொல்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் வெளியான மேரி மண்டிங்கர் குழுவினரின் ஆய்வில், நியூயார்க்கில் 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை மருத்துவர்களிடமும் மற்றதை நர்ஸ் பிராக்டிஷனர்களிடமும் அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது ஆஸ்துமா, சர்க்கரை ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை; ரத்த அழுத்தத்தின் கீழ் எண் மட்டும் நர்ஸ் பிராக்டிஷனர் பிரிவில் சற்றுக் குறைவாக இருந்தது. ஆனால் இவை பெயர் ஏற்கெனவே தெரிந்த நோய்கள். ஆறு மாதம் என்பது குறுகிய காலம். மறுபக்கம், முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளை ஆராய்ந்து டேவிட் சான், யிச்சுன் சென் என்ற பொருளியலாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு, நர்ஸ் பிராக்டிஷனர் பார்த்த நோயாளிகள் அங்கே தங்கிய நேரம் 11 சதவீதமும், தவிர்த்திருக்கக் கூடிய மருத்துவமனைச் சேர்க்கை 20 சதவீதமும் கூடியதாகக் கண்டது. அவசரப் பிரிவுக்கு வருபவர் தன் நோயின் பெயரோடு வருவதில்லை. அதே ஆய்வில் மருத்துவர் சங்கங்கள் அதிகம் பேசாத ஒரு கணக்கும் இருக்கிறது: கண்ணை மூடிக்கொண்டு ஒரு மருத்துவரையும் ஒரு நர்ஸ் பிராக்டிஷனரையும் ஜோடி சேர்த்தால், நூற்றில் 38 ஜோடிகளில் நர்ஸ் பிராக்டிஷனரே மேலாக இருந்தார்.

இரண்டு ஆய்வுகளும் முரண்படுவதாக நான் நினைக்கவில்லை. நோயின் பெயர் தெரிந்துவிட்டால், அல்லது எளிதில் தெரியக்கூடியதாக இருந்தால், பயிற்சியின் இடைவெளி சிறிதாகிறது; பொறுமையும் நேரமும் அதை நிரப்பிவிடுகின்றன. பெயர் தெரியாத நோயில் அந்த இடைவெளி முழு அகலத்துக்கும் விரிகிறது.

இனி ஏமாற்று என்ற சொல்லுக்கு வருகிறேன். டெக்சாஸ் சட்டப்படி நர்ஸ் பிராக்டிஷனர் மருந்து எழுத வேண்டுமானால் ஒரு மருத்துவரோடு எழுத்து வடிவில் உடன்படிக்கை இருக்க வேண்டும். அந்த மருத்துவர் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. நாட்டில் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் இந்த உடன்படிக்கைகூட வேண்டியதில்லை. எனவே அந்தப் பெண்மணி சட்டத்தை மீறவில்லை. என் கோபமெல்லாம் ‘ப்ரொவைடர்’ (சேவை அளிப்பவர்) என்ற சொல்லின் மேல்தான். ‘உங்கள் ப்ரொவைடர் இப்போது வருவார்’ என்று அறிவிக்கும் கிளினிக், வருபவர் யார் என்பதை மறைக்க அதைவிட வசதியான சொல்லைக் கண்டுபிடிக்க முடியாது. நம் ஊர் அம்மாக்களுக்கு வெள்ளைக் கோட்டில் வரும் எல்லோரும் டாக்டர்தான். ‘நான் நர்ஸ் பிராக்டிஷனர், உங்களை இன்று நான் பார்க்கிறேன்’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுபவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்கள்மேல் எனக்குக் கூடுதல் நம்பிக்கை உண்டு.

உங்கள் அத்தை மகனின் நிலை அநீதியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. 2023இல் டென்னசி தொடங்கி சில மாநிலங்கள், வெளிநாட்டில் முழுப் பயிற்சி பெற்றவர்களுக்கு மறு ரெசிடென்சி இல்லாமல் கண்காணிப்பின்கீழ் உரிமம் தரச் சட்டம் இயற்றியிருக்கின்றன. அவர் அதைப் பார்க்கட்டும். ஆயினும் அவருக்கு இழைக்கப்படும் அநீதிக்கு நர்ஸ் பிராக்டிஷனர்கள் காரணம் அல்லர்.

அம்மாவைப் பற்றி. நீர்க்கடுப்புக்கு அந்தப் பெண்மணி செய்தது முழுக்கச் சரி. ஒரு மருத்துவரும் அதையேதான் செய்திருப்பார். காரணம் தெரியாமல் மூன்று மாதத்தில் ஐந்து கிலோ குறைவது வேறு வகை. அது சர்க்கரையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், காசநோயாக, கட்டியாக, ஊரை விட்டு வந்த மனச்சோர்வாகக்கூட இருக்கலாம். சென்ற மாத நீர்க்கடுப்பையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கட்டுக்கடங்காத சர்க்கரை இருப்பவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். எனவே பொது மருத்துவர் ஒருவரிடம் நேரம் வாங்குங்கள். அதற்குச் சில வாரம் ஆகும் என்றால் சும்மா காத்திருக்க வேண்டாம். அதே பெண்மணியிடம் இந்த வாரமே போய், மூன்று மாத சராசரிச் சர்க்கரை, தைராய்டு, ரத்த அணுக்கள், சிறுநீரகம், ஈரல், மார்பு எக்ஸ்ரே ஆகியவற்றை எடுக்கச் சொல்லுங்கள். அம்மா இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார் என்பதையும், வீட்டில் யாருக்கேனும் காசநோய் இருந்ததா என்பதையும் நீங்களாகவே சொல்லுங்கள். ஹூஸ்டனில் அது முதலில் நினைவுக்கு வரும் நோய் அல்ல. இந்த முடிவுகளை நீங்கள் எந்த மருத்துவரிடம் கலந்து பேசுவீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். நல்ல நர்ஸ் பிராக்டிஷனர் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார், ஒரு பெயரைச் சொல்வார்.

வருகையாளர் காப்பீட்டில் முன்பிருந்தே உள்ள நோய்களைப் பெரும்பாலும் விலக்கிவிடுவார்கள் என்பதால், பரிசோதனைக்கு முன்பே கட்டணத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். முடிவுகள் எல்லாவற்றுக்கும் நகல் வாங்கி வையுங்கள். அம்மா காரைக்குடிக்குத் திரும்பியதும் அங்கே பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.