சிஸ்டம் இன்டெக்ஸ் கெட்டுவிட்டால்: போஸ்ட்கிரெஸ் கேள்வி-பதில்

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குள் நுழையவே முடியவில்லை. பிஜி_கிளாஸ் இன்டெக்ஸில் வெற்றுப் பக்கம் இருப்பதாக எரர் வருகிறது. எல்லாம் போச்சா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பிஜி_கிளாஸ் என்பது எல்லா டேபிள்களின் பெயரும் இருக்கும் பதிவேடு. கெட்டிருப்பது அதில் தேட உதவும் இன்டெக்ஸ். பதிவேடு நன்றாக இருந்தால் இன்டெக்ஸைத் திரும்பக் கட்டிவிடலாம். உள்ளே நுழையவே அந்த இன்டெக்ஸ் வேண்டும் என்பதுதான் சிக்கல்.

முதலில் சர்வரை நிறுத்தி, டேட்டா டைரக்டரி முழுவதையும் வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். டேபிள்ஸ்பேஸ் (டேபிள்களை வைக்க ஒதுக்கிய வேறு இடம்) தனியாக இருந்தால் அதையும். ‘காப்பி எடுக்க நேரமில்லை’ என்பவர்களுக்கு நான் அடுத்த வரியைச் சொல்வதில்லை.

அப்புறம் போஸ்ட்கிரெஸை சிங்கிள் யூசர் மோடில் (ஒருவர் மட்டும் நேரடியாக நுழையும் முறை), கூடவே ‘சிஸ்டம் இன்டெக்ஸைப் பார்க்காதே’ என்று சொல்லும் ‘-பி’ ஆப்ஷன் கொடுத்து இயக்குங்கள். பெரிய எழுத்து பி (P). சின்ன எழுத்து போட்டால் போர்ட் எண் கேட்பதாக எடுத்துக்கொள்ளும். ரூட்டாக இயக்கினால் மறுத்துவிடும். ‘பேக்எண்ட்>’ என்று வந்ததும் ‘ரீஇன்டெக்ஸ் சிஸ்டம்’ என்று அடித்து, அதே டேட்டாபேஸின் பெயரைக் கொடுத்து என்டர் தட்டுங்கள். வெளியேற கண்ட்ரோல்-டி, பழக்கதோஷத்தில் அடிக்கும் பேக்ஸ்லாஷ் க்யூ இங்கே செல்லாது.

கேள்வி: ரீஇன்டெக்ஸ் பாதியில், ஒரே கீ இரண்டு இருப்பதாகச் சொல்லி நின்றுவிட்டது.

பதில்: அப்படியானால் பதிவேட்டிலேயே கோளாறு. இன்டெக்ஸ் கெட்டிருந்த நாட்களில் ‘இது ஏற்கெனவே இருக்கிறதா’ என்ற சோதனை கோட்டை விட்டு, ஒரே பதிவு இரண்டு தடவை ஏறியிருக்கலாம். சிடிஐடி (டேபிளுக்குள் அந்த வரி இருக்கும் இடத்தின் எண்) பார்த்து ஒன்றை அழிப்பவர்கள் உண்டு. சாதாரண டேபிளில் நானும் செய்திருக்கிறேன். சிஸ்டம் டேபிளில் கை வைக்க மாட்டேன். நல்ல பேக்கப் இருந்தால் அதுதான் வழி. இல்லையென்றால், பிஜிஆப்ஷன்ஸ் என்ற சூழல் மாறியில் (என்விரான்மென்ட் வேரியபிள்) அதே ‘-பி’யைக் கொடுத்து, பிஜி_டம்ப் கருவியால் டேட்டாவை வெளியே எடுத்து, புதிய கிளஸ்டரில் (புதிதாக உருவாக்கிய டேட்டா டைரக்டரியில்) ஏற்றுங்கள். மொத்தமாக வரவில்லையென்றால் டேபிள் டேபிளாக.

கேள்வி: கரண்ட் போனதுதான் காரணம் என்கிறார் சிஸ்டம் அட்மின்.

பதில்: கரண்ட் போனதால் மட்டுமே கெடக்கூடாது, அதற்குத்தானே மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் வால் லாக் (WAL) இருக்கிறது. எழுதியது டிஸ்க்கில் இறங்கியதை உறுதிசெய்யும் எஃப்சிங்க் செட்டிங் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்துக்கொண்ட ஒரு சர்வரில், டேட்டாவை வேகமாக ஏற்ற யாரோ அதை ஆஃப் செய்து, திரும்பப் போட மறந்திருந்தார்கள். அந்த ‘யாரோ’ நான்தான். ஆனில் இருந்தால் டிஸ்க், ராம் இரண்டையும் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: மாதம் ஒருமுறை சிஸ்டம் இன்டெக்ஸை ரீஇன்டெக்ஸ் செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம். பதிப்பு 14 முதல் வரும், கோளாறு இருக்கிறதா என்று சோதிக்கும் பிஜி_ஆம்செக்கை இரவில் ஓட விடுங்கள், போதும். பக்கம் கெட்டதைக் காட்டிக்கொடுக்கும் செக்சம் பதிப்பு 18-இல்தான் தானாகவே ஆனில் வருகிறது. 12 முதல் 17 வரை என்றால் சர்வரை நிறுத்திவிட்டு பிஜி_செக்சம்ஸ் கொண்டு போட்டுக்கொள்ளுங்கள்.