கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

'சைடுவேஸ்' என்ற அமெரிக்கப் படம் பார்த்தேன். நடுவயதுக்காரர்கள் தங்களைக் கண்டடையும் நகைச்சுவை என்று நண்பர் சொன்னார். கதாநாயகனோ பெற்ற தாயிடமே திருடுகிறான். கடைசிவரை திருப்பித் தரவில்லை, மன்னிப்பும் இல்லை. பெரிய ஸ்டுடியோக்களைச் சாராத சுயாதீனப் படம் என்றால் யாரும் திருந்தவே கூடாதா? அப்புறம், படம் மிக மெதுவாக நகர்கிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மெதுவாக நகர்வது இருக்கட்டும். அவசரமென்றால் ட்ரெய்லர் போதுமே. சுயாதீனப் படத்துக்குத் தனிச் சட்டம் எதுவும் கிடையாது. 2004இல் வந்த இந்தப் படம் சுயாதீனப் படங்களுக்கான இன்டிபென்டென்ட் ஸ்பிரிட் விருதுகளில் ஆறை அள்ளியது. ஆனால் பணம் போட்டது ஒரு பெரிய ஸ்டுடியோவின் கிளை.

அந்தத் திருட்டுக்கு வருவோம். கொஞ்ச நாளாக எனக்கும் அதே நினைப்புதான். நீங்கள் பாதிக் காட்சியைத்தான் பார்த்திருக்கிறீர்கள். கதாநாயகன் மைல்ஸ் பள்ளி ஆசிரியர், விவாகரத்தானவன், யாரும் பதிப்பிக்காத தடித்த நாவலின் ஆசிரியன். பிறந்தநாளைச் சாக்கிட்டுப் பூவோடு அம்மா வீட்டுக்குப் போகிறான். மாடியில் அவள் ஒளித்து வைத்த நோட்டுகளை உருவிக்கொள்கிறான். பிறகு சாப்பாட்டு மேசையில் அம்மாவே கேட்கிறாள், பணம் ஏதும் வேண்டுமா என்று. பாக்கெட்டில் அவள் பணம். வேண்டாம் என்கிறான்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். அவனால் எடுக்க முடியும், கேட்கத்தான் முடியாது. திருடனாக இருப்பதைவிடத் தோற்றவனாகத் தெரிவது அவனுக்குப் பெரிய அவமானம். மைல்ஸாக நடித்த பால் ஜியாமட்டி அந்த இடத்தில் நம்மைச் சிரிக்கவைக்க ஒரு முகபாவம்கூடக் காட்டுவதில்லை. அதனால்தான் சிரிப்பு வருகிறது, கூடவே வயிற்றைப் பிசைகிறது.

என் மாமா ஒருவர் இந்த ரகம். பாட்டி துணி மடிப்பில் வைக்கும் பணத்தில் அவ்வப்போது கைவைப்பார். பாட்டிக்குத் தெரியும். வேறு இடத்தில் வைக்கலாமே என்று கேட்டேன். "மாத்துனா தேடுவான். தேடுனா எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடும்" என்றாள். மாமா திருந்தவேயில்லை. பாட்டியின் கடைசி நாட்களில் படுக்கையருகே உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். இரண்டையும் ஒரே ஆளிடம் பார்த்த பிறகு, திருந்தினாரா இல்லையா என்ற கேள்வியே எனக்குச் சலித்துவிட்டது.

மைல்ஸின் நாவலைக் கடைசிவரை யாரும் வாங்கவில்லை. அதைப் படித்துவிட்ட, அவன் விரும்பும் பெண்ணான மாயாவின் கதவைப் போய்த் தட்டுகிறான். அவளிடம் மறைக்க இனி எதுவுமில்லை. கதவு திறந்ததா என்று இயக்குநர் அலெக்ஸாண்டர் பெய்ன் காட்டவில்லை. நீங்களோ அவன் காசோலையோடு அம்மா வீட்டுக்குப் போகவில்லையே என்கிறீர்கள். உங்களுக்குத் தேவை படமல்ல, நன்னடத்தைச் சான்றிதழ்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு முறை பாருங்கள், அந்தச் சாப்பாட்டு மேசைக் காட்சியிலாவது போனை எடுக்காமல்.