எத்தனை தோள்கள்?

அன்புள்ள ஐயா,

‘செட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 430 அர்த்தங்கள் உண்டு என்று படித்தேன். ஒரு நோட்டுப் போட்டு வரிசையாக எழுத ஆரம்பித்து 112 வரை வந்துவிட்டேன். ஆனால் இன்று எழுதியது நாளை மறந்துவிடுகிறது. மனத்தில் நிறுத்த ஏதாவது வழி உண்டா? ஒரே சொல்லுக்கு இத்தனை அர்த்தம் இருப்பது ஒரு மொழிக்கு வளமா, வறுமையா? தமிழில் இப்படி ஒரு சொல்லைக் காட்டவே முடியாது என்கிறான் என் நண்பன். எந்த அகராதி வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

வி.

அன்புள்ள வி.,

முதலில் அந்த நோட்டை மூடி வையுங்கள்.

உங்கள் உழைப்பைக் கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். நானும் அப்படி ஒரு நோட்டு வைத்திருந்தவன்தான். கோபம் வருவதே அதனால்தான்.

நீங்கள் சொல்லும் 430, ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பிலிருந்து வருவது. அதில் அந்த வினைச்சொல்லுக்கு மட்டும் ஏறக்குறைய 60,000 சொற்களில் விளக்கம். ஒரு நடுத்தர நாவல். பிறகு அகராதியைத் திருத்தி எழுதியபோது ‘ரன்’ முந்திக்கொண்டது. அதன் வினைக்கு 645. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். இந்த எண்கள் எல்லாம் அகராதிக்காரர் போட்ட வரப்புகள். ஆறு ஓடுவதும் ‘ரன்’, மூக்கு ஒழுகுவதும் ‘ரன்’. இரண்டையும் ஒருவர் ஒன்றாகச் சேர்ப்பார், இன்னொருவர் இரண்டாகப் பிரிப்பார். அந்த மொழியைப் பேசி வளர்ந்தவருக்கு இந்தக் கணக்கே தெரியாது. அவருக்குத் தெரியாததை நீங்கள் எதற்கு மனப்பாடம் செய்கிறீர்கள்?

வளமா வறுமையா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. அகராதி எதுவானாலும் சரி, எடுத்துக்காட்டு வாக்கியங்கள் நிறைய இருந்தால் வாங்குங்கள்.

என் நோட்டுக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். இருபத்துச் சொச்சம் வயதில் எனக்கு ஓர் ஆங்கில நாவலை மொழிபெயர்க்கும் வேலை கிடைத்தது. கதையில் ஒருவன் வாசலில் வந்து நிற்கிறான். அவன் தோள்களின் ‘செட்’டே அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது என்று வாக்கியம். என் நோட்டில் முதல் அர்த்தம் ‘தொகுப்பு’. யோசிக்கவே இல்லை. ‘அவனுடைய தோள்களின் தொகுப்பு அவளுக்கு எல்லாவற்றையும் உணர்த்தியது’ என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவரும் விட்டுவிட்டார், புத்தகம் வந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து முகம் தெரியாத ஒரு வாசகரிடமிருந்து தபால் அட்டை. ஒரே வரி: ‘ஐயா, அவனுக்கு மொத்தம் எத்தனை தோள்கள்?’

அன்று முழுக்க நான் யாரிடமும் பேசவில்லை. வெட்கம் ஆறியதும் செய்த உருப்படியான காரியம், அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் போனது. தொகுப்பு என்ற பொருளில் வரும் ‘செட்’ பிரெஞ்சு வழியாக வந்தது, லத்தீனில் ‘செக்தா’. பின்பற்றிச் செல்லும் கூட்டம். வினையாக வரும் ‘செட்’ அதற்கு உறவே இல்லை. அது பழைய ஆங்கிலத்தின் ‘செட்டன்’. உட்காருவதைக் குறிக்கும் ‘சிட்’டின் பிறவினை. அதாவது, உட்கார வை. தோள் உட்கார்ந்திருந்த விதம் இந்த வீட்டுப் பிள்ளை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளை ஒரே பாயில் படுக்க வைத்துவிட்டு நான் முகம் தெரியாமல் விழித்திருக்கிறேன்.

உட்கார வை என்று பிடித்துக்கொண்டால் பாதிக்கு மேல் தானாகப் புரியும். பிசகிய எலும்பை அதன் இடத்தில் உட்கார வைப்பது, மோதிரத்தில் கல்லை உட்கார வைப்பது, சிமென்ட் குழம்பு அசையாமல் உட்கார்ந்துவிடுவது. சூரியன்கூட வேலை முடிந்து போய் உட்காருகிறது.

இப்போது உங்கள் நண்பனிடம் வருகிறேன். அவரை விடுவதாக இல்லை. கண்ணி வைக்கிறோம், தீ வைக்கிறோம், விலை வைக்கிறோம், கெடு வைக்கிறோம், அலாரம் வைக்கிறோம், கோழியை அடை வைக்கிறோம். ஆறுக்கும் ஆங்கிலத்தில் ‘செட்’ போடலாம். ‘உட்கார வை’ என்பதிலேயே அந்த ‘வை’ இருக்கிறது. பாட்டுக்கு மெட்டுப் போடுவதிலும் அச்சுக் கோர்ப்பதிலும் வராது, உண்மைதான். ஆனால் பேர் வைப்பதிலும் ‘சொல்லி வை’ என்பதிலும் ‘செட்’ எட்டிக்கூடப் பார்க்க முடியாது. இந்தக் கடிதத்தின் முதல் வரியில் ‘மூடி வையுங்கள்’ என்றேனே, அந்த ‘வை’க்கு அர்த்தம் சொல்லச் சொல்லுங்கள் அவரை!

வீடு மாறிய பிள்ளைகள் இங்கேயும் உண்டு. நோட்டை வைத்தான் என்பது ஒரு வை. நண்பனை வைதான் என்பது வேறு வை. தொல்காப்பியர் ‘வையே கூர்மை’ என்கிறாரே, அது மூன்றாவது. நாம் குழம்புகிறோமா? இல்லை. ஏனென்றால் சொல்லைத் தனியாக யாரும் நம் கையில் கொடுப்பதில்லை. அதற்கும் அவரே உரியியலில் வழி சொல்லியிருக்கிறார்: ‘முன்னும் பின்னும் வருபவை நாடி’. உரிச்சொல்லுக்குச் சொன்னது. நான் உங்கள் ‘செட்’டுக்கும் எடுத்துக்கொள்கிறேன். முன்னால் என்ன, பின்னால் என்ன என்று பாருங்கள். நோட்டில் எழுதுவதானால் முழு வாக்கியமாக எழுதுங்கள். ஒற்றைச் சொல்லும் அதன் எதிரே ஒற்றை அர்த்தமுமாக இனி ஒரு வரிகூட எழுதக்கூடாது. திட்டுகிறேன் என்று நினைத்தால், ஆமாம், திட்டத்தான் செய்கிறேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. ‘எனக்கும் அவனுக்கும் செட்டாகாது’ என்கிறோமே, அதை ஆங்கிலக்காரர் கேட்டால் விழிப்பார். 431 என்று போட்டுக்கொள்ளுங்கள், நம் உபயம்.

அந்தத் தபால் அட்டைக்குப் பதில் எழுத எனக்கு ஆறு வருடம் ஆயிற்று. வேறு எதுவும் எழுதவில்லை, திருத்திய வாக்கியத்தை மட்டும் எழுதி அனுப்பினேன்: ‘அவன் தோளை வைத்திருந்த விதத்திலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.’ பதில் வரவில்லை. நாவலும் இரண்டாம் பதிப்புக் காணவில்லை. அவன் இன்னமும் தோள்களின் தொகுப்போடுதான் அந்த வாசலில் நிற்கிறான்.